நாகம்மாவைக் கொன்ற பதிப்பு

ஒரு விளையாட்டுப் பெட்டியின் புதுப் பதிப்பு பிடிக்கவில்லை என்பதற்காக அடுப்பு பற்றவைக்க மாட்டேன் என்று உட்கார்ந்த பொம்பளை இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன. பிடித்த ஹோட்டலில் சாம்பார் ருசி மாறிவிட்டால் முதலாளியைக் கூப்பிட்டுச் சண்டை போடுகிற ஜனங்கள்தானே இவர்களும்.

தொண்ணூற்றொன்றில் எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். ஸ்ரீபெரும்புதூரில் கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, நாலு குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு கிணறு. அப்போது இந்தப் பக்கம் கம்பெனிகள் விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தன. அதில் ஒன்றில் என் வீட்டுக்காரருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லைனில் வருகிற சாமானை அளந்து பார்த்து, நல்லது இந்தப் பக்கம், சொத்தை அந்தப் பக்கம் என்று ஒதுக்க வேண்டும். அந்த வருஷம் மே மாதம் எங்கள் ஊரில் நடந்தது உலகத்துக்கே தெரியும். எங்கள் வீட்டில் நடந்தது ஆடி மாதத்தில். நிறைமாதம் ஆகாமல் எட்டாம் மாதத்திலேயே எனக்கு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை.

நான் மயக்கத்தில் கிடந்தேன். கண் விழிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. அப்படிப் பிறந்த குழந்தையைத் தாய்க்குக் காட்ட மாட்டார்கள், பார்த்துவிட்டால் மனசு விடாதாம். ஆம்பளைகள் துணியில் சுற்றி எடுத்துப் போய் ஏரிக்கரை ஓரமாகப் புதைத்துவிட்டுத் தலைக்குக் குளித்துவிட்டு வந்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர்தான் கையில் வாங்கிக்கொண்டு போனாராம். அதுவும் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிற மனுஷன் அவர், அதையும் கேட்டுக்கொண்டார்.

நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அம்மா வந்து, வெள்ளிக்கிழமை தோறும் புற்றுக்குப் பால் ஊற்றிச் சுற்றி வா, அடுத்த வருஷமே மடியில் ஒன்று விழும் என்றாள். எனக்கு வந்தது பாருங்கள் கோபம். கிழிந்த புடவையைக் கடையில் கொடுத்து மாற்றி வாங்குகிற மாதிரியா புள்ளை என்று கேட்டேன். புற்றும் வேண்டாம், பூசையும் வேண்டாம் என்று கத்தியதில் அம்மா அன்று சாயந்திரமே பஸ் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு நானும் அவரும்தான். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு கிடையாது. எனக்கு அவரிடம் கேட்க ஒன்றே ஒன்று இருந்தது. குழந்தை எப்படி இருந்தாள்? வாய் வரைக்கும் வரும், அவர் முகத்தைப் பார்த்தால் உள்ளே போய்விடும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெட்டி வந்தது. அவருடைய ஷிப்டில் ஒரு சிநேகிதர், சேரப்பணஞ்சேரிக்காரர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அந்த அண்ணனின் மச்சான் கப்பலில் வேலை பார்த்தான். ஏதோ ஒரு துறைமுகத்தில் யாரோ விட்டுப்போன பெட்டி என்று கொண்டுவந்து போட்டிருக்கிறான். மூடியில் சிறகு முளைத்த ஒரு பெரிய பாம்பு படம். உள்ளே ஒரு கற்பனை நாட்டின் வரைபடம், அந்த நாட்டைப் பற்றி இங்கிலீஷில் ஒரு புத்தகம், விதவிதமான முகங்களோடு பகடைகள். தாயக்கட்டை மாதிரி இருக்கே, தங்கச்சிக்குப் பொழுது போகட்டும் என்று அண்ணன் கொடுத்து அனுப்பியிருந்தார்.

எப்படி விளையாட வேண்டும் என்று சொல்கிற விதிப் புத்தகம் மட்டும் அந்தப் பெட்டியில் இல்லை. எங்கள் கதைக்கெல்லாம் ஆரம்பம் அங்கேதான்.

முதல் ஷிப்ட் முடிந்து மத்தியானம் வந்ததும் அவர் அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைப் படித்து எனக்குத் தமிழில் சொல்வார். ஏரி ஒன்று, ஏரிக்குக் கீழே ஒரு சின்ன ஊர், ஊருக்கு மேற்கே மலை. ஒவ்வொருத்தரும் அந்த ஊரில் ஒரு ஆளாக இருக்க வேண்டும் என்பது வரைக்கும் புத்தகத்தில் இருந்தது. ஆளாக இருந்து என்ன செய்ய வேண்டும் என்பது விதிப் புத்தகத்தில் இருந்திருக்கும் போலிருக்கிறது. நாங்களே முடிவு பண்ணிக்கொண்டோம். ஊரில் இருக்கிற ஆள் என்ன செய்வான், பிழைப்பு நடத்துவான். நான் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு இட்லிக் கடை போட்டேன். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சேர்ந்துகொண்டார். வாளோடு குதிரையில் வருகிற வீரன் படம் ஒன்று இருந்தது, அது நீங்கள் என்றார் என் வீட்டுக்காரர். அண்ணன் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இவனுக்கு நிலம் எத்தனை காணி என்று கேட்டார். அப்புறம் என்ன, அந்த வீரன் வாளைப் பரண்மேல் போட்டுவிட்டு மடைத் தண்ணீர் தகராறுக்கெல்லாம் பஞ்சாயத்து பண்ணிக்கொண்டு திரிந்தான். எங்கள் நாட்டில் யாரும் யாரையும் வெட்டவில்லை. வெட்ட வேண்டும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? சந்தேகமான இடத்தில் பகடையைப் போடுவோம். பெரிய எண் விழுந்தால் மழை வரும், சின்ன எண் விழுந்தால் மாவு புளித்துவிடும்.

ஒருநாள் அவர் மலைப் பக்கத்துக்கான பக்கத்தைத் திறந்தார். புத்தகத்தில் இரண்டே வரிதான். மேற்கு மலைக் குகையில் ஒரு கிழட்டு டிராகன் இருக்கிறது, மண்ணுக்குள் நடப்பதெல்லாம் அதற்குத் தெரியும். அகராதியில் பார்த்தால் சிறகுள்ள பெரும் பாம்பு என்று போட்டிருந்தது. பொம்பளைப் பாம்புதான், அப்படித்தான் எழுதியிருக்கிறான் என்றார் அவர். அண்ணன் உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இன்னா சந்தேகம், நாகாத்தம்மாதான் அது. செருப்ப கயட்டிட்டுப் போங்க."

நான் எதுவும் யோசிக்கவில்லை. என் இட்லிக் கடையைப் பூட்டிவிட்டேன், ஒரு செம்பில் பால் எடுத்துக்கொண்டேன், மலை ஏறுகிறேன் என்றேன். நிஜத்தில் புற்றுப் பக்கமே போக மாட்டேன் என்று அம்மாவை விரட்டியடித்தவள். குகை வாசலில் பாலை ஊற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பாம்பாகப் பேச வேண்டியவர் என் வீட்டுக்காரர். ஊர்த் தலைவர், சந்தைக்காரி, வண்டிக்காரன் எல்லாருக்கும் அவர்தான் குரல். அவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"யாருக்காக வந்த?"

"என் பொண்ணுக்காக. மண்ணுல கீறா. உனக்குத் தெரிஞ்சிருக்குமே. எப்பிடி இருந்தா அவ?"

அண்ணன் பீடி வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார். அவர் பீடி பிடிக்கிறவரே இல்லை.

பாம்பு பேசியது. "முடி நெறைய இருந்துச்சு. மூக்கு உன்னுது. வெரலு நீளம் நீளமா, என்னுது மாரி..." என்றவர் அங்கே நிறுத்திவிட்டு, "அவங்க அப்பனுது மாரி" என்று திருத்திக்கொண்டார். அழுதுகொண்டே சிரித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் அழுதது அன்றைக்குத்தான். "எங்கிட்டத்தான் கீறா. நான் பாத்துக்கிறேன், நீ வூட்டுக்குப் போ" என்றது பாம்பு.

அப்புறம் பல வருஷங்கள் விளையாடினோம். அந்தப் பாம்பு எங்களுக்கு நாகம்மா ஆகிவிட்டாள். தேன்மொழி பேசுகிற கணவர்கள் எல்லாருக்கும் வாய்த்திருக்கலாம். எனக்கு வாய்த்தவர் நாகம்மா வாயால்தான் பேசுவார். பண்டிகை வந்தால் பால் எடுத்துக்கொண்டு மலை ஏறுவேன். இப்போது தவழ்கிறாள் என்பார், இப்போது நடக்கிறாள், மகா பிடிவாதக்காரி, அம்மாவைக் கொண்டிருக்கிறாள் என்பார். விளையாட்டுக்கு வெளியே யாரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டாவது மகள் பிறந்து, அவளைத் தூளியில் ஆட்டிக்கொண்டே ஒரு கையால் பகடை போட்டிருக்கிறேன். மூத்தவள் நாகம்மாவிடம் வளர்ந்தாள், இளையவள் என்னிடம் வளர்ந்தாள். பைத்தியம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

இளையவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயம் கப்பல்கார மச்சான் புதுப் பதிப்பைக் கொண்டுவந்தான். இந்த முறை பெட்டி முழுசாக, விதிப் புத்தகத்தோடு. என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ்ஸிலேயே படிக்க ஆரம்பித்திருக்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கி வந்த முகமே சரியில்லை. புத்தகம் எங்கே என்றேன், லாக்கரில் மறந்துவிட்டேன் என்றார். பை உப்பிக்கொண்டிருந்தது. அவருக்குப் பொய் சொல்லவே வராது. நானே பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்து, படியுங்கள் என்றேன்.

விஷயம் இதுதான். புதுப் பதிப்பில் நாட்டுக்கு நூறு வயசு கூட்டிவிட்டார்கள். ஏரி பாதி வற்றிவிட்டது. என் இட்லிக் கடை இருந்த சந்தை எரிந்து போய்விட்டது. மேற்கு மலைப் பாம்பை யாரோ நாலு வீரர்கள் குகைக்குள் புகுந்து வெட்டிவிட்டார்கள். விதிகளைப் படித்தபோதுதான் தெரிந்தது, ஆரம்பத்திலிருந்தே அந்த விளையாட்டு அதற்குத்தானாம். பாம்பு என்றால் வெட்டுவதற்கு. அதன் உயிருக்கு ஒரு எண், அதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இத்தனை வருஷமும் நாங்கள் தப்பாக விளையாடியிருக்கிறோம்.

"கொன்னவனுக்கு இன்னா கெடச்சுது?" என்று கேட்டேன்.

"பாயிண்ட்டு. அப்புறம் குகையில இருந்த தங்கம்."

"அவ பாத்துக்கினு இருந்தாளே, அந்தப் பொண்ணு எங்க போனாளாம்? போட்டிருக்கா?"

கேட்டதற்காக அவர் உண்மையிலேயே பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடினார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். "போடல" என்றார்.

அன்றைக்குத்தான் அடுப்பு பற்றவைக்க மாட்டேன் என்று உட்கார்ந்தது. அண்ணன் சமாதானத்துக்கு வந்தார். எவனோ எழுதியதை விட்டுத் தள்ளு தங்கச்சி, பழைய பெட்டி நம்மிடம்தானே இருக்கிறது, நம் ஏரியில் தண்ணீர் இருக்கிறது என்றார். நியாயம்தான். உட்கார்ந்து பார்த்தோம். நான் செம்பை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. செத்துப்போனவள் என்று படித்துவிட்ட பிறகு அவள் மாதிரி பேச அவரால் முடியவில்லை. சொன்னால் கேட்டுக்கொள்கிற மனுஷன் என்று சொன்னேனே, புத்தகம் சொன்னதையும் கேட்டுக்கொண்டுவிட்டார். எனக்கு அவர்மேலும் கோபம், எழுதினவன்மேலும் கோபம். நாடு அவனுடையது, அவன் இஷ்டம் என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவன் எழுதியது இரண்டு வரி, மிச்சத்தை யார் எழுதினார்கள் என்று கேட்டேன். பகடைகளைப் பழைய பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினோம். அதோடு மூத்தவளைப் பற்றிய பேச்சும் நின்றுவிட்டது.

நாலைந்து வருஷம் போய், போனஸ் வந்த கையோடு அவர் அடுத்த பதிப்பைத் தேடி வாங்கி வந்தார். தப்பைத் திருத்தியிருப்பார்கள் என்று ஒரு நப்பாசை. திருத்தினார்கள், நன்றாகத் திருத்தினார்கள். ஏரியையே எடுத்துவிட்டு அங்கே பாலைவனம் போட்டிருந்தார்கள். நிஜத்தில் ஏரியைத் தூர்க்கிறவனுக்காவது பிளாட் போட்டு விற்கலாம் என்று ஒரு கணக்கு இருக்கும். காகிதத்தில் இருக்கிற ஏரியைத் தூர்த்து இவன் என்ன கண்டான்? வழவழ காகிதம், புஜம் புடைத்த ஆட்களின் படம், ஒவ்வொரு பக்கத்திலும் ரத்தம். உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிக்க அந்த நாடு முழுக்க ஒரு கடை இல்லை. நான் அட்டையைத் தொட்டுப் பார்த்ததோடு சரி.

இப்போது மகள் வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். அதே விளையாட்டின் இன்றைய பதிப்பை அவள் கம்பெனித் தோழிகள் நாலு பேரோடு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹாலில் விளையாடுவாள். அப்பா அந்தக் காலத்தில் விளையாடியது என்றுதான் அவளுக்குத் தெரியும். எல்லாருக்கும் குரல் கொடுத்துக் கதையை நடத்துவது அவள். நான் காபி போட்டுக் கொடுப்பேன், பக்கத்தில் நிற்க மாட்டேன்.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, மறுநாள் கதைக்காகச் சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தை விரித்துவைத்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா எதிரில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இந்தப் பதிப்பில் அந்தப் பாம்பின் மண்டை ஓட்டை ஊர் வாசலில் மாட்டி வைத்திருக்கிறார்களாம். அதைத் திருடிக்கொண்டு வருவதுதான் கதையாம். மூடி வை என்றேன். அவள் கேட்காமல் மேலே படித்தாள். மூடி வைடி என்று நான் போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த கீரை கீழே விழுந்தது.

அவளுக்கும் என் ரத்தம்தானே. "எப்பப் பாத்தாலும் இந்த புக்க கண்டாலே எரிஞ்சு எரிஞ்சு வுழுற. பழசுல அப்பிடி இன்னாதாம்மா இருந்துச்சு?"

"உங்க அக்கா இருந்தா" என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் குனிந்து கீரையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நானே எல்லாவற்றையும் சொன்னேன். ஆடி மாதம், ஆஸ்பத்திரி, ஏரிக்கரை, பெட்டி, பால் செம்பு, நாகம்மா என்ன சொன்னாள், அவளை எப்படிக் கொன்றார்கள் என்பது வரைக்கும். சொல்லி முடித்தேன். மகள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆதார் முதல் கம்பெனி இன்ஷூரன்ஸ் வரைக்கும் ஒரே பெண் என்றே சொல்லிச் சொல்லி வளர்ந்தவள். அப்போ நான் ரெண்டாவதா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

பிறகு, "அக்காவுக்குப் பேரு வெச்சீங்களா?" என்றாள்.

"இல்லடி. யாரு வெக்க வுட்டாங்க?"

"வெச்சேன்" என்றார் அவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். கீரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பேர் இல்லாமல் அனுப்ப மனசு வரவில்லையாம். மற்றவர்கள் குழி வெட்டிக்கொண்டிருக்கும்போது துணியை விலக்கி, காதில் மூன்று முறை சொன்னாராம். அந்தப் பேரை இப்போது எங்களுக்கும் சொன்னார். எந்தக் குரலையும் தாழ்த்திக்கொள்ளாமல், சொந்தக் குரலில். நல்ல பேர். அதை இங்கே எழுதப் போவதில்லை.

"யோவ், முப்பது வருஷமா இத ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"நாகம்மாகிட்ட நீ எல்லாம் கேட்ட" என்றார். "இத மட்டும் கேக்கவே இல்லியே மே."

அடிக்கலாம் போல இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பேரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். என் மகளும் சொல்லிப் பார்த்தாள், பேருக்குப் பின்னால் அக்கா என்று சேர்த்து.